கேம் கம்ப்யூட்டரும் ஒண்ணே கால் இஞ்சு பைப்பும்

(மூன்றாம் ஆண்டு, மின்னணுவியல் மற்றும் தகவல் தொடர்பியல் துறை)



கேன்டீனிலும் பஸ்ஸிலும் லேப் வாசலிலும் என்னைப் பிடித்துக் கேட்கப்படும் கேள்வி ஒன்றே ஒன்றுதான். "டேய், கேம் ஆடற மாதிரி ஜம்முனு ஒரு சிஸ்டம் போடணும், எவ்வளவுடா ஆகும்?" நாற்பதாயிரத்துக்கும் போடலாம், நாலு லட்சத்துக்கும் போடலாம் என்று உண்மையைச் சொன்னால் முறைக்கிறார்கள். எனவே தெரிந்ததை இந்த மலரில் ஒரே தடவையாக எழுதிவிடுகிறேன். இதெல்லாம் தெரியாமல் கடைக்குப் போய் ஒரு மதர்போர்டைப் பறிகொடுத்தவன் நான். அந்தக் கதை பின்னால் வருகிறது.

முதலில் ஒரு மோட்டார் கதை. காரமடையில் எங்கள் அப்புச்சிக்குக் கறிவேப்பிலைத் தோட்டம். பக்கத்துத் தோட்டக்காரர் மூணு எச்.பி. மோட்டாரைக் கழற்றிவிட்டு அஞ்சு எச்.பி. மாட்டினார். தண்ணீர் எதிர்பார்த்த அளவுக்குக் கூடவில்லை, கரண்ட் மட்டும்தான் கூடியது. அப்புச்சி போய்ப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஏனப்பா, மோட்டாரப் பெருசாப் போட்டு என்ன பண்றது? பைப்பு அதே ஒண்ணே கால் இஞ்சுதானே. அது உடோணுமல்லோ!"

காந்திபுரத்தில் என் நண்பன் ஒருவன் வாங்கி வந்த கொட்டேஷனைப் பார்த்ததும் எனக்கு அப்புச்சி ஞாபகம்தான் வந்தது. ஐ7 பிராசஸர், 32 ஜி.பி. ரேம், கண்ணாடி போட்டு வானவில் மாதிரி விளக்கு எரியும் கேபினெட். எல்லாம் சரி. கிராபிக்ஸ் கார்டு என்ற இடத்தில் மட்டும் 2019-இல் வந்த ஜி.டி.எக்ஸ். 1650, நாலு ஜி.பி. அஞ்சு எச்.பி. மோட்டார், ஒண்ணே கால் இஞ்சு பைப்!

பிராசஸரும் கார்டும் எப்படி வேலையைப் பங்கு போட்டுக்கொள்கின்றன என்று பார்ப்போம். துப்பாக்கிக் குண்டு எங்கே போகிறது, எதிரி எந்தப் பக்கம் ஓடுகிறான் என்ற கணக்கெல்லாம் பிராசஸருக்கு. அந்தக் காட்சியைப் புள்ளி புள்ளியாக வரைவது கார்டுக்கு. 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் என்றால் ஒரு பிரேமுக்குக் கிடைக்கும் நேரம் 6.94 மில்லி செகண்ட். அதற்குள் இரண்டு பேருமே வேலையை முடிக்க வேண்டும். யார் லேட்டோ அவருடைய வேகம்தான் நம் வேகம்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. மானிட்டரின் ரெசல்யூஷனைக் கூட்டினால் பிராசஸரின் வேலை அவ்வளவாகக் கூடாது, கார்டின் வேலை எகிறிவிடும். 1920 × 1080 என்றால் ஒரு பிரேமில் 20,73,600 புள்ளிகள். 2560 × 1440 என்றால் 36,86,400. 4கே என்றால் 82,94,400, அதாவது சரியாக நாலு மடங்கு. 1080-ஐ 144 ஹெர்ட்ஸில் ஓட்டினால் செகண்டுக்கு ஏறத்தாழ 30 கோடி புள்ளிகள். 1440-ஐ அதே வேகத்தில் ஓட்டினால் 53 கோடி. ஆகவே கடையில் முதலில் முடிவு செய்ய வேண்டியது பிராசஸர் அல்ல, மானிட்டர். மானிட்டர் தெரிந்தால் கார்டு தெரியும், கார்டு தெரிந்தால் பிராசஸர் தெரியும், இரண்டும் தெரிந்தால் எஸ்.எம்.பி.எஸ். தெரியும். நம் ஊரில் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். பிராசஸர் பெயரைச் சொன்னால்தானே ஊருக்குள் மரியாதை!

நான் 2025 ஜூனில் எழுபதாயிரத்தை ஒட்டிப் போட்ட கணக்கு இது. மானிட்டர் 1080, 144 ஹெர்ட்ஸுக்கு மேல், ஒன்பதரை. கார்டு ஆர்.எக்ஸ். 7600, இருபத்தைந்து. பிராசஸர் ரைசன் 5 5600, பத்து. மதர்போர்டு ஒன்பதரை. ரேம், எஸ்.எஸ்.டி., கேபினெட் எல்லாம் சேர்த்துப் பன்னிரண்டு. (எஸ்.எம்.பி.எஸ்.-ஐ ஏன் எழுதவில்லை என்று பின்னால் புரியும்.) மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கார்டுக்கே போய்விட்டதைக் கவனியுங்கள். விலை மாறும், இந்த விகிதம் அவ்வளவாக மாறாது.

பிராசஸரைப் பற்றிச் சுருக்கமாக. 2022-இல் வந்த ரைசன் 5 5600-க்கும் இன்டெல் ஐ5 12400எஃப்-க்கும் ஆறு கோர், பன்னிரண்டு திரெட். 1080-க்கு இது போதும். ஏ.எம்.4 சாக்கெட் பழசு, அதில் மேலே போக இடம் குறைவு. இரண்டு வருஷம் கழித்துப் பிராசஸர் மட்டும் மாற்றும் எண்ணம் இருந்தால் 2022-இல் வந்த ஏ.எம்.5-க்குப் போகலாம், ஆனால் விலை கூடிய டி.டி.ஆர்.5 ரேம்தான் போட முடியும். இன்டெல் பெயரில் கடைசியில் 'எஃப்' இருந்தால் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது. கார்டு ரிப்பேருக்குப் போனால் படமே வராது. செகண்ட் ஹேண்டில் 13, 14-ஆம் தலைமுறை ஐ7, ஐ9 மலிவாக வந்தால் யோசியுங்கள். அவற்றில் வோல்டேஜ் கோளாறு இருந்து, 2024 ஆகஸ்ட்டில் இன்டெல் மைக்ரோகோடு திருத்தம் வெளியிட்டது. அதற்கு முன்பே கெட்டுப்போன சிப்பைத் திருத்தம் சரிசெய்யாது.

கார்டில் மெமரியைப் பார்க்க வேண்டும். 2021-இல் வந்த ஆர்.டி.எக்ஸ். 3060-க்கு 12 ஜி.பி., 170 வாட். 2023-இல் வந்த 4060-க்கு 8 ஜி.பி.தான், ஆனால் 115 வாட். புதுசு வேகமானது, கரண்ட்டும் குறைவு. மெமரியோ குறைந்துவிட்டது! புதிய கேம்கள் சிலவற்றில் டெக்ஸ்சரை உச்சத்தில் வைத்தால் 8 ஜி.பி. நிரம்பிவிடுகிறது. நிரம்பினால் படம் திக்கித் திக்கி வரும், டெக்ஸ்சரை ஒரு படி இறக்கினால் சரியாகிவிடும். 1440 மானிட்டர் வாங்குகிறவர் 12 அல்லது 16 ஜி.பி. பார்ப்பது நல்லது.

செகண்ட் ஹேண்ட் கார்டு வாங்கலாமா? 2021-இல் கார்டே கிடைக்காத காலம் ஒன்று இருந்தது. ஈத்தர் நாணயம் தோண்டுவதற்காக உலகம் முழுக்க வாங்கிக் குவித்தார்கள். 2022 செப்டம்பர் 15-இல் ஈத்தீரியம் அந்த முறையையே கைவிட்டது. ராப்பகலாக ஓடிய கார்டுகள் எல்லாம் சந்தைக்கு வந்துவிட்டன. வாங்குகிறவர் நேரில் போய், அரை மணி நேரம் கேம் ஓட்டி, ஃபேன் சத்தத்தையும் சூட்டையும் பார்த்து வாங்க வேண்டும். பில்லும் சீரியல் நம்பரும் இல்லாவிட்டால் கும்பிடு போட்டுவிட்டுத் திரும்பி வந்துவிடுங்கள்.

ரேமில் ஒரே விஷயம்: 16 ஜி.பி. ஒன்றுக்குப் பதில் 8 ஜி.பி. இரண்டு. டி.டி.ஆர்.4 3200-க்கு ஒரு சேனல் செகண்டுக்கு 25.6 ஜி.பி. கொண்டுபோகும், இரண்டு போட்டால் 51.2. மறுபடியும் பைப் கணக்குதான்! பயாஸில் போய் எக்ஸ்.எம்.பி.-ஐ ஆன் செய்யாவிட்டால் 3200 ரேம் பெரும்பாலும் 2400, 2666 என்று குறைந்த வேகத்திலேயே ஓடிக்கொண்டிருக்கும். 2025 கடைசியில் ரேம் விலை கண்டபடி ஏறியது. ஏ.ஐ. டேட்டா சென்டர்கள் சிப்புகளை அள்ளிக்கொண்டு போனதுதான் காரணம். மைக்ரான் கம்பெனி நம்மைப் போன்றவர்களுக்கு விற்றுவந்த குரூசியல் வியாபாரத்தையே நிறுத்துவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. ஆகவே நாலு ஸ்லாட் உள்ள போர்டாக வாங்கி, இரண்டை மட்டும் நிரப்பி, மீதியைக் காலியாக விடுங்கள்.

இனி என் சோகக் கதை. எஸ்.எம்.பி.எஸ். என்றால் ஒரு தகர டப்பா, அதற்கு எதற்கு நாலாயிரம் என்பது என் எண்ணம். கேபினெட்டோடு ஒன்று இலவசமாக வந்தது. மேலே '450 வாட்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. பத்தொன்பதாம் நாள், ராத்திரி ஒன்பது மணிக்கு 'டப்' என்று ஒரு சத்தம், கருகிய வாசனை. போர்டில் எரிந்த தடம் இருந்ததால் வாரன்டி இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அப்பா ஒன்றும் திட்டவில்லை. "செரி, அடுத்த மாசம் பாக்கலாம் கண்ணு" என்றார். திட்டியிருந்தால் தேவலாம் போல இருந்தது.

அப்புறம்தான் அந்த டப்பாவின் ஸ்டிக்கரை உட்கார்ந்து படித்தேன். 12 வோல்ட் என்ற கட்டத்தில் 18 ஆம்பியர். 12 × 18 = 216 வாட். பிராசஸரும் கார்டும் சாப்பிடுவது பெரும்பாலும் இந்த 12 வோல்ட்டைத்தான். மீதி வாட்டெல்லாம் 5 வோல்ட், 3.3 வோல்ட் என்று நமக்குப் பயன்படாத இடத்தில் கூட்டிக் காட்டிய கணக்கு. என் கார்டு 165, பிராசஸர் 80, மற்றவை 40, ஆக 285. முதலாம் ஆண்டிலேயே படித்த வி இன்டு ஐ. பரீட்சையில் எழுதினேன், கடையில் மறந்துவிட்டேன்!

நல்ல எஸ்.எம்.பி.எஸ்.-இல் 550 வாட் என்று போட்டிருந்தால் கிட்டத்தட்ட அத்தனையையும் 12 வோல்ட்டிலேயே தரும். '80 பிளஸ் பிரான்ஸ்' முத்திரை உள்ளதாக நாலரை ஆயிரத்துக்கு வாங்கினேன். புதுப் போர்டு தனி. கார்டு ஒரு கண நேரம் தன் அளவுக்கு மேலே இழுக்கும் என்பதால்தான் 285-க்கு 550. யு.பி.எஸ்.-க்கும் இதே கணக்குதான். 600 வி.ஏ. என்று விற்பது பெரும்பாலும் 360 வாட்தான் தாங்கும். 285-ஐ 0.85 எஃபிஷியன்சியால் வகுத்தால் 335, மானிட்டருக்கு 25, சரியாக 360. விளிம்பில் நிற்கிறது. 1000 வி.ஏ. பாருங்கள்.

கேபினெட்டைத் தொட்டால் சுர்ரென்று இழுக்கிறதா? எஸ்.எம்.பி.எஸ். உள்ளே லைனிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் பாடிக்கு இரண்டு சின்னக் கெபாசிட்டர்கள் உண்டு. வீட்டில் எர்த் ஒழுங்காக இல்லை என்றால் பாடி பாதி வோல்டேஜில், சுமார் 115-இல், நிற்கும். கார்டைக் குறை சொல்வதற்கு முன் பிளக் பாயின்ட்டில் எர்த் இருக்கிறதா என்று மீட்டர் வைத்துப் பாருங்கள். பழைய வீடுகளில் மூணாவது ஓட்டை சும்மா அழகுக்காக இருப்பது உண்டு.

கேபினெட்டுக்கு முன்பக்கம் கண்ணாடி வேண்டாம், வலை போதும். எங்கள் பக்கத்து வீட்டில் தறி ஓடுகிறது. மாதம் ஒரு முறை பில்டரைக் கழற்றிப் பஞ்சைத் தட்டாவிட்டால் சித்திரை மாசத்தில் கார்டு 85 டிகிரியைத் தொட்டுவிடுகிறது.

துபாயிலிருந்து மாமா கார்டு கொண்டு வருகிறார் என்றால் வாரன்டி இங்கே செல்லுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பல கம்பெனிகளில் வாங்கிய நாட்டில்தான் செல்லும்.

கடைசியாக அந்த ஐ7 நண்பன். சொன்னதைக் கேட்டு ஐ5-க்கு இறங்கி, மிச்சத்தில் நல்ல கார்டாக வாங்கினான். மூன்று மாதம் கழித்து, "நீ சொன்ன கார்டு சுத்த வேஸ்ட்டுடா" என்று சண்டைக்கு வந்தான். வீட்டுக்குப் போய்ப் பின்னால் எட்டிப் பார்த்தேன். மானிட்டர் கேபிள் கார்டில் இல்லை, மதர்போர்டில் குத்தியிருந்தது! மூன்று மாதமாக அந்தக் கார்டு சும்மா காற்று வாங்கிக்கொண்டு இருந்திருக்கிறது. பிடுங்கிக் கார்டில் குத்தி, செட்டிங்ஸில் 60 ஹெர்ட்ஸ் என்று இருந்ததை 144 ஆக்கினேன். ஐந்து நிமிஷம் வாயைத் திறக்காமல் விளையாடினான். அப்புறம், "அம்மா, இவனுக்குக் காப்பி போடு" என்றான்.