மலிவுக் கணனி வாங்குமுன்

நயினாதீவில் கடை வைத்திருக்கும் நானா ஒருவர், கணக்கு வேலைக்கு ஏஎம்டி 4700எஸ் கணனி மலிவாக வருகிறது, வாங்கட்டுமா என்று கேட்டார். பிளேஸ்டேஷன் 5இன் சிப் என்று பேசப்படும் இது 2021இல் வந்தது. 8 கோர், வேகத்தில் குறையில்லை. ஆனால் கிராபிக்ஸ் பகுதி முடக்கப்பட்டதால் திரைக்குத் தனிக் கார்ட் வேண்டும். ரேம் போர்டோடு பற்றவைத்தது. கூட்டவோ மாற்றவோ இயலாது. இவற்றைச் சொல்லாமல் விற்பவர், நனைந்த தானியத்தை அடியில் மறைத்தவரைப் போன்றவரே.

“அமெரிக்க விமானப்படையே பிளேஸ்டேஷன் 3ஐ வைத்து மீகணனி செய்ததே?” என்றார். உண்மைதான், 2010இல் சுமார் 1,700 பெட்டிகள். அதே ஆண்டு ஏப்ரலில் சோனி, லினக்ஸ் போடும் வசதியை மென்பொருள் வழியே எடுத்துவிட்டது. பழுதான பெட்டிக்குப் பதிலாகப் புதியது உதவாது.

படையிடம் பணம் உண்டு. நம் நானா படகேறி, குறிகட்டுவானில் பஸ் பிடித்து யாழ்ப்பாணம் போனாலும் இதற்கு மாற்று ரேம் இல்லை. சாதாரண பழைய கணனிக்கு அங்கே உதிரிப்பாகம் கிடைக்கும். அதையே வாங்கச் சொன்னேன்.