ஆய்விதழைக் கடைசியில் தேடாதே

அன்புள்ள தங்கைக்கு,

கல்லலிலிருந்து காரைக்குடியின் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனமான சிக்ரிக்குப் போய்வரும் உனக்கும், உன்னைப் போல் முதல் பேப்பர் எழுதும் எல்லாருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன்.

கட்டுரை மதிப்பீட்டாளரிடம்கூடப் போகாமல், பதிப்பாசிரியரிடமிருந்தே திரும்பிவிட்டது என்று வருத்தப்பட்டிருந்தாய். “எங்கள் இதழின் எல்லைக்குள் வரவில்லை” என்ற அந்த ஒற்றை வரி உன் சோதனையைக் குறை சொல்லவில்லை. எங்கள் வாசகர் கேட்கும் கேள்விக்கு இதில் பதில் இல்லை என்கிறது, அவ்வளவுதான். மாதக்கணக்கில் காத்திருந்து பிறகு இதையே கேட்பதைவிட இரண்டே நாளில் கேட்டது உனக்கு லாபம்.

நம்மிடம் ஒரு வழக்கம் இருக்கிறது. வேலையை முடிப்போம், எழுதுவோம், பிறகு இம்பாக்ட் ஃபேக்டர் பட்டியலை எடுத்து மேலிருந்து கீழாக ஒவ்வோர் இதழுக்கும் அனுப்பிக்கொண்டே வருவோம். ஓர் இதழில் முந்தைய 2 ஆண்டுகளில் வந்த கட்டுரைகள் இந்த ஆண்டு சராசரியாக எத்தனை முறை மேற்கோள் காட்டப்பட்டன என்பதுதான் அந்த எண். உன் கட்டுரையை யார் படிப்பார்கள் என்று அது சொல்லாது. அதைச் சொல்வது, இதழின் ‘நோக்கமும் எல்லையும்’ என்ற ஒரு பக்கம். நாம் அதைக் கடைசியாகப் படிக்கிறோம். பலர் படிப்பதே இல்லை.

உன் வேலையையே எடுத்துக்கொள். ஆவாரை இலைச் சாறு உப்பு நீரில் இரும்பின் அரிமானத்தைக் குறைக்கிறது என்று காட்டியிருக்கிறாய். சாற்றிலுள்ள மூலக்கூறு இரும்பின் பரப்பில் எப்படி ஒட்டுகிறது, எந்த வினையைத் தடுக்கிறது என்பது உன் கேள்வியானால், அது 1961-இல் தொடங்கிய ‘கரோஷன் சயின்ஸ்’ வாசகருக்கு உரியது. தொழிற்சாலைத் தொட்டியில் எவ்வளவு கலக்க வேண்டும், எத்தனை நாள் தாங்கும் என்பது கேள்வியானால், 1971-இல் வந்த ‘ஜர்னல் ஆஃப் அப்ளைட் எலக்ட்ரோகெமிஸ்ட்ரி’யைப் பார், அறிவியலையும் தொழிலையும் இணைப்பதே அதன் நோக்கம். ஆவாரம்பட்டையை நம் ஊர்களில் தோல் பதனிடப் பயன்படுத்திய அறிவை ஆராய்கிறாய் என்றால், 2002 முதல் வரும் ‘இந்தியன் ஜர்னல் ஆஃப் டிரெடிஷனல் நாலெட்ஜ்’ இருக்கிறது. செடி ஒன்று, கேள்வி மூன்று. மூன்றுக்கும் வேண்டிய சான்றுகள் வேறு வேறு. முதல் கேள்விக்குப் பரப்பை ஆராய்ந்த தரவு இல்லாமல் முடியாது. இரண்டாவதற்கு நீண்ட நாள் சோதனை வேண்டும். மூன்றாவதற்கு அந்தத் தொழில் தெரிந்தவர்களிடம் போய் உட்கார வேண்டும். எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் வைத்ததால்தான் உன் கட்டுரை யாருக்கும் உரியதாகவில்லை.

துறை பெருகப் பெருக இதழ்கள் பிரிந்த கதையைப் பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். 1665-இல் லண்டனில் ஹென்றி ஓல்டன்பர்க் தொடங்கிய ‘ஃபிலசாஃபிக்கல் டிரான்சாக்‌ஷன்ஸ்’ வானியலையும் விலங்கியலையும் ஒன்றாகவே அச்சிட்டது. உன் துறையான மின்வேதியியலுக்கென்று அமெரிக்க மின்வேதியியல் சங்கத்தின் ஏடு 1902-இல் வந்தது. 1959-இல் ‘எலக்ட்ரோகிமிகா ஆக்டா’வும் மின்பகுப்பாய்வுக்கான இதழும், 1976-இல் மின்கலங்களுக்கான ‘ஜர்னல் ஆஃப் பவர் சோர்சஸ்’ இதழும் பிறந்தன. ஒவ்வொரு பிரிவும், தங்களுக்குள் பேசிக்கொள்ள ஒரு கூட்டம் சேர்ந்துவிட்டது என்பதற்குச் சாட்சி.

அப்படி ஒரு கூட்டம் காரைக்குடியிலும் சேர்ந்தது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் தர, 1948 ஜூலை 25-இல் நேரு அடிக்கல் நாட்ட, 1953 ஜனவரியில் சிக்ரி திறக்கப்பட்டது. அங்கிருந்தவர்கள் வெளிநாட்டு இதழ்களுக்கு எழுதியதோடு நிற்கவில்லை. மின்வேதியியலுக்கென்று ஒரு சங்கம் அமைத்து அதன் ‘டிரான்சாக்‌ஷன்ஸ்’ ஏட்டை நடத்தினார்கள்; 1985-இல் சிக்ரியிலிருந்து ‘புல்லட்டின் ஆஃப் எலக்ட்ரோகெமிஸ்ட்ரி’ வந்தது. நூலகத்தில் அந்தப் பழைய தொகுதிகள் கிடைத்தால் புரட்டிப் பார். ஒரு துறைக்காரர்கள் தங்களுக்கு எது முக்கியம் என்று எப்படி வரையறுத்துக்கொண்டார்கள் என்பது அதில் தெரியும்.

எல்லையே இல்லாத இதழ்களிடம் எச்சரிக்கையாக இரு. பொறியியல், மருத்துவம், தமிழ் இலக்கியம், மேலாண்மை எல்லாவற்றையும் ஒரே இதழில் போடுவோம், ஒரே வாரத்தில் போடுவோம், பணம் மட்டும் கட்டு என்று மின்னஞ்சல் வரும். யாருக்கு என்று தெரியாத இதழை யாரும் படிப்பதில்லை. ஏற்கத்தக்க இதழ்களுக்கென்று பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) வைத்திருந்த கேர் பட்டியலையும் 2025 பிப்ரவரியில் கைவிட்டுவிட்டது. ‘லிஸ்டில் இருக்கிறது சார்’ என்று சொல்லித் தப்பிக்க இனி வழியில்லை. நல்லது கெட்டதை நீயும் உன் நெறியாளரும் உங்கள் நிறுவனமும்தான் பிரித்தறிய வேண்டும்.

எல்லைப் பக்கத்தை மட்டும் நம்பியும் இருந்துவிடாதே. அதை அகலமாகத்தான் எழுதுவார்கள். ‘கரோஷன் சயின்ஸ்’கூடக் கோட்பாடு முதல் நடைமுறை வரை என்றுதான் சொல்லும். உண்மையான எல்லை, கடைசி 2 ஆண்டுக் கட்டுரைகளில் இருக்கிறது. உன்னுடையதை ஒத்த பத்துக் கட்டுரைகளை எடு. என்ன கேட்டார்கள், எந்தச் சோதனையைச் சான்றாக வைத்தார்கள், எதை வைக்காமல் விடவே இல்லை என்று குறித்துக்கொள். நீ மேற்கோள் காட்டும் கட்டுரைகளில் ஒன்றுகூட அந்த இதழில் வந்ததில்லை என்றால், நீ நுழையப் பார்ப்பது வேறு யாரோ பேசிக்கொண்டிருக்கும் இடம்.

இனி, அடுத்த சோதனைக்கு இரும்புத் தகட்டைத் தேய்க்கும் முன்பே பதிப்பாசிரியருக்கான கடிதத்தை இரண்டு வாக்கியத்தில் எழுதிப் பார்: உங்கள் வாசகர் இதைத் தெரிந்துகொள்ள விரும்புகிறார், இந்தச் சோதனை அதற்குப் பதில் தருகிறது. இரண்டாவது வாக்கியம் வரவில்லையென்றால் எந்தச் சோதனை குறைகிறது என்று அப்போதே தெரிந்துவிடும். முதல் வாக்கியமே வரவில்லையென்றால், தகட்டை வைத்துவிட்டு உன் நெறியாளரிடம் போய்ப் பேசு.

அன்புடன்,
உன் அண்ணன்