தங்கச்சி, இடுப்பு வலியை எத்தனை நாள் பொறுக்கலாம்?

பாம்பனில் பாசி எடுக்கப் போகிறவர்கள், கமுதிப் பக்கம் மிளகாய்க் காட்டில் நாள் முழுக்கக் குனிந்து கிடக்கிறவர்கள், தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கித் தண்ணீர் கொண்டுவருகிறவர்கள் என்று நம் ராமநாதபுரம் மாவட்டத்துப் பெண்களில் இடுப்பு வலிக்கிறது என்று சொல்லாதவர்கள் குறைவு. எல்லோருக்கும் இருப்பதாலேயே அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. "வேலை செய்கிற உடம்பு, வலிக்கத்தான் செய்யும்" என்று தைலத்தைத் தேய்த்துவிட்டுப் படுத்துவிடுகிறோம்.

பெரும்பாலான வலி அப்படியே சரியாகியும் விடும். ஆனால் சில வலிகளில் நாம் கடத்துகிற ஒவ்வொரு மாதமும் மூட்டைக் காப்பாற்றும் வாய்ப்பைக் குறைக்கும். எதைப் பொறுக்கலாம், எதைப் பொறுக்கக் கூடாது என்று பிரித்துப் பார்க்கத்தான் அக்கா இதை எழுதுகிறேன்.

1. வலிக்கிற இடத்தில் கை வைத்துப் பார்

முதுகின் கீழ்ப்பகுதியில் வலி தொடங்கி, பிட்டம் வழியாகக் காலில் மின்சாரம் பாய்ந்ததுபோல் இறங்கினால், முதுகெலும்பிலிருந்து வரும் நரம்பு அழுத்தப்படுவதாக இருக்கலாம். தொடையின் வெளிப்பக்கத்து எலும்பு மேட்டில் வலித்து, அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்கவே முடியாவிட்டால், அங்குள்ள தசைநாரில் கோளாறு இருக்கலாம். இது நடுத்தர வயதுப் பெண்களிடம் அதிகம்.

தொடை இடுக்கில் வலித்தால் இடுப்பு மூட்டின் மேலேயே சந்தேகம் வர வேண்டும். தொடை எலும்பின் உருண்டையான தலை, இடுப்பெலும்பின் குழிக்குள் உட்கார்ந்து சுழல்கிற இடம் அது. அந்த மூட்டு கெட்டால் சில சமயம் முழங்காலில் மட்டும்கூட வலிக்கும். முழங்கால் எக்ஸ்ரே சுத்தமாக இருந்தும் வலி நிற்கவில்லை என்றால், இடுப்பையும் பார்க்கச் சொல்லிக் கேள்.

2. முதல் இரண்டு வாரம் வீட்டிலேயே பார்க்கலாம்

கீழே விழவில்லை, காய்ச்சல் இல்லை, நடக்க முடிகிறது என்றால் இரண்டு வாரம் பொறுத்துப் பார்க்கலாம். அதற்காகப் படுத்தே கிடக்காதே. பாரம் தூக்குவதையும் குந்தி உட்கார்வதையும் நிறுத்திவிட்டு, மெதுவாக நடமாடிக்கொண்டிரு. இடுப்பில் குடம் வைக்காதே. படுக்கும்போது வலி இல்லாத பக்கம் திரும்பி, இரண்டு முழங்காலுக்கும் நடுவே ஒரு தலையணை வைத்துக்கொள்.

கம்பு ஊன்றி நடப்பதில் வெட்கம் வேண்டாம். வலது இடுப்பு வலித்தால் கம்பு இடது கையில் இருக்க வேண்டும். பலரும் வலிக்கிற பக்கமே ஊன்றுகிறார்கள். அதனால் மூட்டின் மேல் விழும் பாரம் சரியாகக் குறையாது.

இரண்டு வாரத்தில் குறையவில்லை என்றால் மூன்றாவது வாரம் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்விடு.

3. இவை இருந்தால் எலும்பு மூட்டு நிபுணரைப் பார்

சம்மணம் போட்டு உட்கார முடியாமல் போவது, கால் நகம் வெட்டக் காலை மடக்க முடியாமல் போவது, பஸ் படியில் ஏறக் கையால் காலைத் தூக்கி வைப்பது, விந்தி விந்தி நடப்பது எல்லாமே மூட்டின் அசைவு குறைந்துவிட்டதைக் காட்டும் அறிகுறிகள். வலி குறைவாக இருந்தாலும் இவற்றை அலட்சியம் செய்யாதே.

சும்மா படுத்திருக்கும்போதும் வலித்துத் தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி, சாயங்காலக் காய்ச்சல், காரணம் தெரியாமல் எடை குறைவது ஆகியவை சேர்ந்து வந்தால் இன்னும் சீக்கிரம் போக வேண்டும். காசநோய் நுரையீரலுக்கு மட்டும் வருவதில்லை, இடுப்பு மூட்டுக்கும் வரும். அரசு மருத்துவமனையில் இதற்குச் சோதனையும் மருந்தும் இலவசம். முன்பு புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுத்தவர்களும் புதிதாக வரும் இடுப்பு வலியைத் தள்ளிப்போடக் கூடாது.

4. அன்றைக்கே ஓட வேண்டியவை

விழுந்த பிறகு காலை ஊன்ற முடியாவிட்டால் 108-ஐக் கூப்பிடு. வயதானவர்கள் குளியலறையில் வழுக்கி விழுந்து, ஒரு கால் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கம் திரும்பிக் கிடந்தால் இடுப்பு மூட்டருகே தொடை எலும்பு முறிந்திருக்க வாய்ப்பு அதிகம். அந்தக் காலை இழுத்துப் பிடித்து நீவவோ, கட்டுப் போடவோ யாரையும் விடாதே.

காய்ச்சலோடு இடுப்பை அசைக்கவே முடியாவிட்டால் மூட்டுக்குள் சீழ் பிடித்திருக்கலாம். அது மணிக்கணக்கில் மூட்டை அரிக்கும். பிறப்புறுப்பைச் சுற்றி மரத்துப்போவது, சிறுநீர் அடைபடுவது, தன்னையறியாமல் மலம் கழிவது ஆகியவை நரம்புகள் நசுங்குவதன் அடையாளம்.

நொண்டுகிற பிள்ளைக்குக் காய்ச்சலும் இருந்தால் அன்றே கூட்டிப்போ. காய்ச்சல் இல்லாவிட்டாலும் ஒரு வாரத்துக்கு மேல் நொண்டினால் கட்டாயம் காட்டு. நான்கிலிருந்து எட்டு வயதுக்குள் தொடை எலும்பின் தலைக்கு ரத்தம் குறையும் நோய் ஒன்று உண்டு. பதின்ம வயதில் அந்தத் தலை இடம் நழுவுவதும் உண்டு. விளையாட்டில் சுளுக்கியது என்று இரண்டையும் தவறவிடுவது சுலபம்.

5. சங்கு குளிப்பவர்களும் ஸ்டீராய்டு எடுப்பவர்களும் தனியாகக் கவனிக்க வேண்டியது

தொடை எலும்பின் தலைக்கு ரத்தம் போவது நின்றால் அந்த எலும்பு கொஞ்சம் கொஞ்சமாகச் செத்து, உள்ளே நொறுங்கும். முப்பது, நாற்பது வயது ஆண்களிடம் இதை அதிகம் பார்க்கலாம். மதுவும், நெடுநாள் எடுத்த ஸ்டீராய்டும் முக்கியக் காரணங்கள். கொரோனா காலத்தில் ஸ்டீராய்டு எடுத்துக்கொண்ட சிலருக்கு இது வந்ததை 2021-ல் மும்பை ஹிந்துஜா மருத்துவமனை மருத்துவர்கள் தெரிவித்தார்கள். டாக்டர் எழுதிக்கொடுத்த ஸ்டீராய்டை நீயாக நிறுத்தாதே. ஆனால் கடையில் "வலிக்கு ஒரு செட்" என்று சீட்டில்லாமல் தருகிற மாத்திரைகளைக் கையில் வாங்காதே. அதில் ஸ்டீராய்டு இருக்கலாம்.

நம் கரைக்கு இன்னொரு காரணமும் உண்டு. காற்றுக் குழாய் போட்டு ஆழத்தில் நெடுநேரம் இருந்துவிட்டு வேகமாக மேலே வந்தால், ரத்தத்தில் கரைந்த நைட்ரஜன் குமிழிகளாகிவிடும். அவை எலும்புக்குப் போகும் ரத்தத்தைத் தடுக்கும். பாதிப்பு மாதங்கள், ஏன் வருடங்கள் கழித்துத் தோளிலோ இடுப்பிலோ தெரியலாம். முங்கி வந்த சில மணி நேரத்தில் மூட்டு வலி, மரத்துப்போதல், தலைச்சுற்றல் வந்தால் அது அவசர நிலை. மறுபடி முங்கினால் சரியாகும் என்று கடலில் இறங்க விடாதே. உடனே 108.

எலும்புத் தலை சாகும் இந்த நோயில் ஆரம்பத்தில் எக்ஸ்ரே சரியாகவே இருக்கும். எம்.ஆர்.ஐ. எடுத்தால்தான் தெரியும். எலும்புத் தலை நொறுங்குவதற்கு முன் கண்டுபிடித்தால், அதில் துளையிட்டு அழுத்தத்தைக் குறைத்து மூட்டைக் காக்க முயலலாம். நொறுங்கிய பிறகு பெரும்பாலும் மாற்று மூட்டுத்தான். அதனால் குழாய் போட்டு முங்குபவரோ, மது குடிப்பவரோ, ஸ்டீராய்டு எடுத்தவரோ தொடை இடுக்கில் வலி என்றால் இரண்டு வாரம்கூடக் காத்திருக்கக் கூடாது.

6. எந்த டாக்டர்?

மூட்டிலோ எலும்பிலோ வலி என்றால் எலும்பு மூட்டு நிபுணர். காலையில் எழுந்ததும் அரை மணி நேரத்துக்கு மேல் இடுப்பும் முதுகும் விறைத்து, நடமாட நடமாடக் குறைந்தால் மூட்டுவாத நிபுணர். இளம் வயதில் தொடங்கும் ஒருவகை முதுகெலும்பு வாதம் இப்படித்தான் இருக்கும். காலில் மரத்துப்போதலும் பலவீனமும் இருந்தால் நரம்பு மருத்துவர். தசைநார் வலிக்கு பிசியோதெரபியே பாதி மருந்து.

7. எங்கே போவது, செலவுக்கு என்ன செய்வது?

ராமேஸ்வரத்திலும் பரமக்குடியிலும் அரசு மருத்துவமனை இருக்கிறது. ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி 2022-ல் தொடங்கியது. முன்பு மாவட்டத் தலைமை மருத்துவமனையாக இருந்ததே இன்று அதன் மருத்துவமனை. அங்கிருந்து மேல்சிகிச்சைக்கு எழுதினால் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனை.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் இடுப்பு மூட்டு மாற்று அறுவைச் சிகிச்சையும் அடங்கும். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்கள் சேரலாம். அட்டை இல்லாவிட்டால் வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதாருடன் கலெக்டர் அலுவலகத்திலுள்ள காப்பீட்டு மையத்தில் கேள். வலி வந்த பிறகு அலையாமல் இப்போதே எடுத்து வை. நடக்க முடியாத பெரியவர்களுக்கு, 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி கொடுக்கிறார்கள். உங்கள் ஊர் செவிலியரிடம் சொன்னால் போதும்.

8. டாக்டர் முன்னால் உட்காரும்போது

வலி எந்தத் தேதியில் தொடங்கியது, எந்த அசைவில் கூடுகிறது, ராத்திரி எழுப்புகிறதா, எந்தெந்த மாத்திரை போட்டாய் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போ. மாத்திரை அட்டைகளையும் பழைய எக்ஸ்ரேயையும் கூடவே எடுத்துப் போ. சர்க்கரை, ரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு இருந்தால் முதலிலேயே சொல். டைக்ளோபினாக் போன்ற வலி மாத்திரைகள் சிறுநீரகத்தையும் வயிற்றையும் கெடுக்கக் கூடியவை. தண்ணீர் குறைவாகக் குடித்து வெயிலில் வேலை செய்கிறவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம்.

ஆபரேஷன் என்று சொன்னால் பயந்து ஓடாதே. 1962-ல் இங்கிலாந்தில் ஜான் சார்ன்லி நிலைநிறுத்திய மாற்று மூட்டு முறை, இன்று உலகம் முழுக்க நடக்கிற நம்பகமான சிகிச்சை. பெரும்பாலோருக்கு அந்த மூட்டு 15, 20 வருடங்களுக்கு மேல் உழைக்கும். நோய் எந்தக் கட்டத்தில் இருக்கிறது, ஆபரேஷன் இல்லாமல் முயல வழி உண்டா, அதற்குப் பிறகு குந்தி உட்காரலாமா, எப்போது வேலைக்குப் போகலாம் என்று கேள். தெளிவில்லை என்றால் இன்னொரு நிபுணரிடமும் காட்டு.

9. கடலுக்குப் போகிற வீடுகளுக்கு

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுக்குப் போகிறவர் வீட்டில் இருக்கும் அந்த நாட்களை, இழுத்துக்கொண்டிருக்கும் வலிக்கு டாக்டரைப் பார்க்கவும் பயிற்சி எடுக்கவும் ஒதுக்கு. ஆனால் மேலே சொன்ன ஆபத்தான அறிகுறிகளுக்குத் தடைக்காலம் வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

வீட்டில் எல்லோருக்கும் மருந்து வாங்கிக் கொடுத்துவிட்டுக் கடைசியில்தான் தனக்குப் பார்ப்பது நம் வழக்கம். இந்த ஒரு விஷயத்தில் அதை மாற்றிக்கொள், தங்கச்சி. இரண்டு வாரம் தாண்டிய வலி உனக்கு இருந்தால், இந்த வாரமே போய்க் காட்டிவிட்டு வா.