பசி வருவதற்கு முன்னால்

சித்திரைப் பொருட்காட்சிக்குக் கிளம்பும் நாளில் எங்கள் வீட்டில் சாயங்காலம் ஐந்தரை மணிக்கே இட்லிப் பானை அடுப்பில் ஏறிவிடும். ஆளுக்கு இரண்டு இட்லி, நல்லெண்ணெயில் குழைத்த பொடி. "வெளியே சாப்பிடத்தானே போறோம், எதுக்கும்மா இட்லி?" என்று மகன் கேட்பான். வெளியே ருசியாகச் சாப்பிடத்தான் இந்த இட்லி. வெறும் வயிற்றோடு உள்ளே நுழைந்தால் வாசலில் இருக்கும் முதல் கடையிலேயே எல்லாரும் உட்கார்ந்துவிடுவோம். அப்புறம் ராட்டினம் ஏறினால் பிள்ளைகளுக்குக் குமட்டும். என்ன சாப்பிடுவது என்பதைப் பசி வருவதற்கு முன்னால் முடிவு செய்துவிட வேண்டும். மதுரையில் குடும்பம் நடத்திய இத்தனை வருஷத்தில் நான் உறுதியாக நம்பும் விஷயம் இது.

ஆகவே ஆளுக்கு ஒரு தின்பண்டம் என்று வீட்டிலேயே பேசிக்கொள்வோம். மகளுக்கு மிளகாய் பஜ்ஜி. மகனுக்கு எப்போதும் டெல்லி அப்பளம். சாப்பாட்டுத் தட்டைவிட அகலமான அந்த அப்பளத்தைக் கடைக்காரர் வாணலியில் போட்டுக் கரண்டியால் அமுக்குவார். கண் இமைக்கும் நேரத்தில் விரிந்து பொரியும். இடுக்கியில் தூக்கி எண்ணெயை வடியவிட்டதும், மிளகாய்த்தூளைத் தூவுவதற்கு முன்பே, "அண்ணே, பாதிக்கு மட்டும் காரம் போடுங்க" என்று சொல்லிவிடுவேன். காரமில்லாத பாதி பையனுக்கு, மற்றது எங்களுக்கு. ஒரே அப்பளம், நாலு பேர் கை.

ஆறரை மணிக்குள் போய்விடுவது நல்லது. எண்ணெய் அப்போதுதான் ஊற்றியதாக இருக்கும். கறுத்து, நுரை அடங்காமல், புகைந்துகொண்டிருக்கும் வாணலியைக் கண்டால் எவ்வளவு கூட்டம் நின்றாலும் தாண்டிப் போய்விடுவேன். ரோஸ் நிறப் பஞ்சு மிட்டாயும் எங்களுக்குக் கிடையாது. துணிக்கு ஏற்றும் ரோடமின்-பி சாயம் அதில் கலந்திருப்பது பரிசோதனையில் தெரிந்து, 2024 பிப்ரவரியில் தமிழக அரசு அதன் விற்பனைக்கே தடை போட்டது. குடிக்கத் தண்ணீர் வீட்டிலிருந்துதான். ஜிகர்தண்டாவைக் கடைசிக்கு வைத்துக்கொள்வோம். காரம் சாப்பிட்ட வாய்க்குக் கடல்பாசியும் நன்னாரி சர்பத்தும் அவ்வளவு இதமாக இருக்கும்.

அதே சித்திரைத் திருவிழாவில், மீனாட்சி திருக்கல்யாணத்தன்று சேதுபதி பள்ளியில் நடக்கும் விருந்துக்கு மட்டும் வெறும் வயிற்றோடு போவோம். சாப்பிட்டு மொய் எழுதாமல் மதுரைக்காரர்கள் யாரும் திரும்புவதில்லை. அது நம் வீட்டுக் கல்யாணம்.

அழகர் ஆற்றில் இறங்கும் நாளுக்கு வேறு ஏற்பாடு. விடிவதற்கு முன்பே வைகைக் கரையில் இடம் பிடிக்க வேண்டும், வெயில் ஏறிய பிறகுதான் திரும்ப முடியும். கட்டுச்சோறு இல்லாமல் பிள்ளைகளை அழைத்துப் போகக் கூடாது. வழியெல்லாம் நீர்மோர்ப் பந்தல்கள் இருக்கும், ஆனால் குழந்தை பசி என்று சொல்லும் நேரத்தில் பந்தல் எதிர்க்கரையில் இருக்கும். தயிர்சாதத்துக்கு அத்தை சொல்லித்தந்த பக்குவத்தை நான் மாற்றியதே இல்லை. சாதத்தைக் குழைய வைத்து மசித்து, கைபொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் காய்ச்சிய பாலைத் தாராளமாக ஊற்றி, தயிர் ஒரே ஒரு கரண்டி. விடிகாலையில் கலந்தது வெயில் ஏறும்போது புளிக்காமல் பதமாக இருக்கும். வெங்காயமும் தேங்காயும் அதில் சேரக் கூடாது. புளியோதரைக்குச் சாதத்தைத் தாம்பாளத்தில் பரப்பி, நல்லெண்ணெய் விட்டு, முழுக்க ஆறிய பிறகுதான் புளிக்காய்ச்சலைப் பிசைய வேண்டும். சூட்டோடு டப்பாவை மூடினால் உள்ளே வேர்த்து ஊசிப்போகும். வறுத்த நிலக்கடலையைத் தனிப் பொட்டலமாகக் கட்டி, சாப்பிடும்போது தூவினால் நமுத்துப்போகாது.

அந்தப் புளிக்காய்ச்சல்தான் வருஷம் முழுக்க என்னைக் காப்பாற்றுகிறது. எண்ணெய் பிரிந்து மேலே மிதக்கும் வரை சுண்டவிட்டு, இறக்கும்போது வறுத்துப் பொடித்த வெந்தயமும் தனியாவும் பெருங்காயமும் போட்டு, கண்ணாடி பாட்டிலில் ஃபிரிட்ஜில் வைத்துவிடுவேன். ஈரக் கரண்டி படாதவரை வாரக்கணக்கில் கெடாது. ஆபீஸ் விட்டு வரும் வழியில் மழை பிடித்துக்கொண்டு, வீட்டுக்குள் நுழையும்போது எட்டு மணி என்றால், குக்கரில் சாதம், சுட்ட அப்பளம், இந்தப் பாட்டில் போதும். ராத்திரிச் சமையலில் அடுப்பு வேலை பெரிய பாரமே இல்லை. களைத்து வந்து நிற்கும்போது, "என்னம்மா சாப்பாடு?" என்ற கேள்விக்குப் பதில் தேடுவதுதான் பாரம். அந்தப் பதிலைக் காலையிலேயே சொல்லி வைத்துவிட்டால் பாதி களைப்பு தீரும்.

ஞாயிற்றுக்கிழமை மாவு ஆட்டுவோம். நாலு டம்ளர் இட்லி அரிசிக்கு ஒரு டம்ளர் உளுந்து, ஒரு டீஸ்பூன் வெந்தயம். பொங்கிய மாவை இரண்டு பாத்திரத்தில் பிரித்து, ஒன்றைத் தொடாமல் ஃபிரிட்ஜின் பின்பக்கம் தள்ளி வைப்பேன். தினமும் கரண்டி விட்டுக் கலக்கினால் இட்லி தட்டையாகிவிடும். திங்கள் இட்லி, அடுத்து இரண்டு நாள் தோசை. புளிப்பு ஏறிய மிச்ச மாவில் சின்ன வெங்காயமும் பச்சை மிளகாயும் வதக்கிப் போட்டால் வெள்ளிக்கிழமை குழிப்பணியாரம். அதற்கென்றே இரண்டு கரண்டி மாவை ஒளித்து வைப்பதும் உண்டு.

வியாழன் ராத்திரியைப் பிள்ளைகளிடம் கொடுத்துவிட்டேன். வீட்டில் இருக்கும் பொருளில் செய்ய முடிந்ததைத்தான் கேட்க வேண்டும், புதன்கிழமையே சொல்லிவிட வேண்டும், கேட்டவர் ஒரு வேலை செய்ய வேண்டும். போன வாரம் மகள் கோதுமை தோசை கேட்டாள், கட்டி விழாமல் மாவையும் அவளே கரைத்தாள். இந்த வாரம் மகனுக்குச் சேமியா உப்புமா. பட்டாணி உரிப்பது அவன் பொறுப்பு. பக்கத்தில் உட்கார்ந்து அவன் அப்பத்தா பாதியைப் பச்சையாகவே தின்றுவிடுவார் என்பதால், ஒரு கை கூடுதலாக வாங்கியிருக்கிறேன்.