உயர்தரத்தின் பின் வெளிநாட்டுக் கல்வி



இலங்கை மாணவர்களுக்கு இந்திய அரசு நேரு ஞாபகார்த்தப் புலமைப்பரிசிலை வழங்குகிறது. இதன்மூலம் பொறியியல், விஞ்ஞானம், வணிகம், கலை ஆகிய துறைகளில் பட்டப்படிப்பைத் தொடரலாம். மருத்துவம் இதில் அடங்காது. கற்கைக் கட்டணமும் மாதாந்தக் கொடுப்பனவும் கிடைக்கும்.

விண்ணப்பித்த எல்லோரும் தெரிவாவதில்லை. ஆகவே உள்நாட்டுப் பல்கலைக்கழக விண்ணப்பத்தையும் உரிய திகதிக்குள் அனுப்பிவிடுங்கள். ஒன்று தவறினாலும் மற்றது கைகொடுக்கும்.

2008, 2009 இடப்பெயர்வில் வன்னியில் பலர் சான்றிதழ்களைத் தொலைத்தனர். தொலைந்தவற்றை மீளப் பெறலாம்: பெறுபேற்றுச் சான்றிதழுக்குப் பரீட்சைத் திணைக்களம், பிறப்புச் சான்றிதழுக்குப் பிரதேச செயலகம்.

கவனிக்க: விண்ணப்ப அழைப்பு வந்தபின் ஆவணம் தேடினால் காலம் போதாது. வட்டக்கச்சிப் பிள்ளைகளே, சுட்டெண்ணையும் பரீட்சை ஆண்டையும் இன்றே இரண்டு இடங்களில் எழுதி வையுங்கள்.