விளையாட்டின் தரம் அறிதல்

நுழையும்முன்

ஒரு விளையாட்டு நன்றாக இருந்தது என்று சொல்வது எளிது. ஏன் நன்றாக இருந்தது என்று காரணம் காட்டுவது அரிது. காரணம் காட்டத் தெரிந்தவரே திறனாய்வாளர் ஆகிறார். நூல்களின் தரம் அறியத் தமிழ் இலக்கணம் வகுத்த அளவுகோல்கள், இன்றைய காணொளி விளையாட்டுகளின் தரம் அறியவும் துணைசெய்கின்றன. அவற்றைக் கொண்டு, புலம்பெயர்ந்த தமிழ்க் குடும்பம் ஒன்றின் கதையைச் சொல்லும் விளையாட்டை இப்பாடம் மதிப்பிடுகிறது.

தேயிலை கற்பிக்கும் பாடம்

திருவனந்தபுரம் மாவட்டத்தில், விதுராவுக்கு அப்பால், அகத்தியமலையின் அடிவாரத்தில் அமைந்துள்ள ஊர் போனக்காடு. ஆங்கிலேயர் காலத்தில் இங்குத் தேயிலைத் தோட்டம் உருவானது. தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர் குடும்பங்கள் லயங்களில் தங்கிக் கொழுந்து பறித்தன. வீட்டில் தமிழும் வெளியில் மலையாளமும் பேசி அவர்களுடைய பிள்ளைகள் வளர்ந்தனர்.

தேயிலையின் தரத்தைச் சுவைத்து அறிவோர், தம் விருப்பத்தை மட்டும் நம்பித் தீர்ப்புக் கூறுவதில்லை. 100 மில்லிலிட்டர் கொதிநீருக்கு 2 கிராம் தூள், ஊறும் நேரம் 6 நிமிடம் என்று ஐ.எஸ்.ஓ. 3103 என்னும் பன்னாட்டு நெறி வரையறுக்கிறது. எல்லாக் கோப்பைகளும் ஒரே முறையில் ஆயத்தமான பின்னரே நிறம், மணம், சுவை ஆகியவை ஒப்பிடப்படுகின்றன. தீர்ப்புக்கு முன் அளவுகோல் வேண்டும் என்பதே தேயிலை கற்பிக்கும் பாடம். விளையாட்டுக்கும் இது பொருந்தும்.

கருவியும் காலமும்

வீடியோ கேம் என்று வழங்கும் காணொளி விளையாட்டுகளை ஆடுவதற்கான தனிக்கருவிகள் இருவகைப்படும். தொலைக்காட்சியோடு இணைத்து ஆடுவது வீட்டுக் கருவி. கையில் ஏந்தி எங்கும் ஆடக்கூடியது கையடக்கக் கருவி. இரண்டுக்கும் நோக்கம் வேறு. ஆகவே, தரம் அறியும் முறையும் சற்று வேறுபடும்.

ஜப்பானின் நிண்டெண்டோ நிறுவனம் 1989இல் கேம் பாய் என்னும் கையடக்கக் கருவியை வெளியிட்டது. அதன் திரையில் வண்ணம் இல்லை, பின்னொளியும் இல்லை. அடுத்த ஆண்டு சேகா நிறுவனம் கேம் கியர் என்னும் கருவியை வண்ணத் திரையோடு கொண்டுவந்தது. பார்வைக்குக் கேம் கியரே சிறந்தது. ஆயினும், அது ஆறு மின்கலங்களை ஐந்து மணி நேரத்திற்குள் தீர்த்துவிடும். கேம் பாயோ நான்கு மின்கலங்களில் பத்து மணி நேரத்திற்கு மேல் இயங்கும். பயணத்தில் ஆடுவோர் கேம் பாயையே தேர்ந்தனர். பின்னர் வந்த வண்ணப் பதிப்பையும் சேர்த்து, அது 11 கோடிக்கு மேல் விற்றது. கண்ணைக் கவரும் படம் மட்டுமே தரம் ஆகாது என்பதற்கு இது சான்று.

கேம் பாயோடு பல நாடுகளில் வழங்கப்பட்ட விளையாட்டு டெட்ரிஸ். மாஸ்கோவில் அலெக்ஸி பஜித்னோவ் 1984இல் உருவாக்கிய இவ்விளையாட்டில் கதை இல்லை, மாந்தர் இல்லை. மேலிருந்து விழும் கட்டங்களை இடைவெளியின்றி அடுக்குவதே ஆட்டம். ஐந்து நிமிடம் கிடைத்தாலும் ஆடலாம். பேருந்து நின்றவுடன் நிறுத்தலாம். கருவியின் இயல்புக்கு ஏற்ற விளையாட்டாக அது அமைந்தது.

நன்னூல் தரும் அளவுகோல்

தமிழுக்கு முதல் இலக்கணம் தந்தவர் என்று மரபு போற்றும் முனிவர் அகத்தியர். போனக்காட்டுக்கு மேலே உயர்ந்து நிற்கும் மலை அவர் பெயரையே தாங்கியுள்ளது. அந்த இலக்கண மரபில் 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் இயற்றியது நன்னூல். அதன் பாயிரப் பகுதி, நல்ல நூலுக்குப் பத்து அழகுகளையும், நூல் தவிர்க்க வேண்டிய பத்துக் குற்றங்களையும் கூறுகிறது. அவற்றுள் சில, விளையாட்டுக்கும் அப்படியே பொருந்துகின்றன.

விளங்க வைத்தல் என்பது ஓர் அழகு. 1985இல் வெளிவந்த சூப்பர் மரியோ பிரதர்ஸ் விளையாட்டின் முதற்கட்டம் இதற்கு நல்ல சான்று. மரியோ திரையின் இடப்பக்கம் நிற்கிறான். வலப்பக்கம் வெளியாக உள்ளது. செல்ல வேண்டிய திசை எது என்பது சொல்லாமலே விளங்குகிறது. சற்று நடந்தவுடன் சிறிய பகை ஒன்று எதிரே வருகிறது. தாவாவிட்டால் தோல்வி, தாவினால் வெற்றி. ஒரு சொல்கூட எழுதாமல் விளையாட்டின் விதி கற்பிக்கப்படுகிறது. எளியதை முதலிலும் அரியதைப் பின்னரும் வைப்பதால், முறையின் வைப்பு என்னும் அழகும் இதில் அமைகிறது.

மயங்க வைத்தல் என்பது ஒரு குற்றம். 1982இல் அட்டாரி 2600 என்னும் வீட்டுக் கருவிக்காக ஈ.டி. திரைப்படத்தைத் தழுவிய விளையாட்டு வெளிவந்தது. விழாக்கால விற்பனைக்காக ஏறத்தாழ ஐந்து வாரங்களில் அது உருவாக்கப்பட்டது. ஆடுவோர் காரணம் புரியாமல் மீண்டும் மீண்டும் குழிகளில் விழுந்தனர். விற்காமல் தேங்கிய பெட்டிகள் 1983இல் அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் மண்ணில் புதைக்கப்பட்டன. 2014இல் அவை தோண்டி எடுக்கப்பட்டன.

ஒரே செயலைப் பயனின்றிப் பலமுறை செய்யச்சொல்வது கூறியது கூறல். முதன்மைக் கதையை மறக்கும் அளவுக்குக் கிளைப் பணிகளைப் பெருக்குவது மற்றொன்று விரித்தல். சிறப்பாகத் தொடங்கி, போகப்போகச் சுவை குன்றி முடிவது சென்று தேய்ந்து இறுதல். விளையாட்டில் ஏற்படும் சலிப்புக்குப் பெயரிட இச்சொற்கள் உதவுகின்றன. குறைக்குப் பெயர் தெரிந்தால், அதனைப் பிறருக்கு விளக்கவும் இயலும்.

‘வெண்பா’ என்னும் விளையாட்டு

கனடாவின் டொரான்டோ நகரில் இயங்கும் விசை கேம்ஸ் நிறுவனம், 2023ஆம் ஆண்டு ஜூலை 31 அன்று ‘வெண்பா’ என்னும் விளையாட்டை வெளியிட்டது. நிண்டெண்டோ சுவிட்ச், பிளேஸ்டேஷன், எக்ஸ்பாக்ஸ் ஆகிய கருவிகளிலும் கணினியிலும் இதனை ஆடலாம். தமிழகத்திலிருந்து கனடாவுக்குக் குடிபெயர்ந்த வெண்பா, பாவலன் இணையரின் வாழ்க்கை 1988இல் தொடங்குகிறது. அவர்களுக்குக் கவின் என்னும் மகன் பிறக்கிறான். அவன் வளர வளர, ஆங்கிலமே அவனுக்கு இயல்பான மொழியாகிறது. தாய் தமிழில் பேசுகிறாள். மகன் ஆங்கிலத்தில் விடை சொல்கிறான். தாய் சமைக்கும் உணவிலிருந்தும் அவன் விலகுகிறான்.

விளையாட்டின் பணி சமைப்பது. வெண்பா தன் தாயிடமிருந்து பெற்ற சமையல் குறிப்பேடு சிதைந்துள்ளது; சில எழுத்துகள் அழிந்துபோயின. எஞ்சிய குறிப்பைக் கொண்டு, விடுபட்டதை ஊகித்துச் சமைக்க வேண்டும். இட்லிக் கொப்பரையில் ஆவி எல்லாத் தட்டுகளுக்கும் செல்லுமாறு எப்படி அடுக்குவது? புட்டுக்குழலில் எதனை முதலில் இடுவது? இவையே புதிர்கள். தவறு செய்தால் தண்டனை இல்லை, மீண்டும் முயலலாம்.

பின்னொரு பகுதியில், வளர்ந்துவிட்ட கவின் அதே குறிப்பேட்டைப் பார்த்துச் சமைக்க முயல்கிறான். தாய்க்கு எழுத்து அழிந்திருந்தது தடை; மகனுக்கோ எழுத்து இருந்தும் படிக்க இயலாதது தடை. அவனது தடுமாற்றத்தை ஆடுவோர் தம் கையாலேயே உணர்கின்றனர். மொழி நழுவினால் அதனோடு வேறு எவையெல்லாம் நழுவும் என்பதை, ஒரு சொற்பொழிவும் இன்றி இப்பகுதி காட்டிவிடுகிறது. கைசெய்யும் செயலும் கதைசொல்லும் பொருளும் இங்கு ஒன்றாகின்றன. ஆழமுடைமை, விழுமியது பயத்தல் ஆகிய அழகுகள் இதில் விளங்குகின்றன.

குன்றக் கூறலா? சுருங்கச் சொல்லலா?

இவ்விளையாட்டு ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் முடிந்துவிடும். மதிப்புரையாளர் சிலர் இதனைக் குறையாகக் கூறினர். நூறு மணி நேரம் ஆடத்தக்க விளையாட்டுகள் விற்கும் சந்தையில், கொடுத்த விலைக்கு இது போதுமா என்னும் வினா எழுவது இயல்பே.

நன்னூல் இங்கு ஒரு நுட்பமான வேறுபாட்டைக் காட்டுகிறது. குன்றக் கூறல் என்பது குற்றம். சுருங்கச் சொல்லல் என்பது அழகு. இரண்டும் குறைந்த அளவினவே. சொல்ல வேண்டிய பொருள் விடுபட்டால் அது குன்றக் கூறல். பொருள் முழுமையாக நின்று, வேண்டாத சொல் நீங்கினால் அது சுருங்கச் சொல்லல். இரண்டடியில் முடியும் குறள் வெண்பாவை யாரும் குறையுடைய பா என்று கூறுவதில்லை.

இவ்வளவுகோலால் நோக்கினால், இரண்டு முடிவுகள் கிடைக்கின்றன. அரிய புதிர்களை விரும்பி வருவோர்க்கு இதிலுள்ள புதிர்கள் எண்ணிக்கையிலும் கடுமையிலும் குறைவு. கதை ஆண்டுகளைத் தாண்டித் தாண்டிச் செல்வதால், கவினின் இளமைக்கால மாற்றங்களை இன்னும் நெருங்கிக் காண வேண்டும் என்னும் ஏக்கமும் தோன்றும். இவை நேர்மையாகச் சொல்லத்தக்க குறைகள். ஆனால், ஒவ்வொரு உணவும் கதையின் ஒரு திருப்பத்தோடு பிணைந்துள்ளது. நேரத்தை நீட்டுவதற்காக அதே இட்லியைப் பத்துமுறை அவிக்கச் சொல்லியிருந்தால், அது கூறியது கூறல் ஆகியிருக்கும். ஆகவே, கதையின் நோக்கத்தைக் கொண்டு மதிப்பிட்டால், இதன் சிறுமை பெரும்பாலும் சுருங்கச் சொல்லலின் பாற்பட்டதே.

கருவியைக் கொண்டும் இதனை நோக்கலாம். நிண்டெண்டோ சுவிட்ச், கையடக்கக் கருவியாகவும் வீட்டுக் கருவியாகவும் இயங்குவது. கையில் வைத்து ஆடும்போது, சிறிய பகுதிகளாகக் கதை பிரிந்திருப்பது வசதி. தொலைக்காட்சியில் ஆடும்போது வேறொரு நன்மை உண்டு. அருகில் அமரும் அம்மாவோ பாட்டியோ, பொத்தானை அழுத்தத் தெரியாமலே இட்லித் தட்டுப் புதிருக்கு விடை சொல்லிவிடுவர். விளையாட்டில் வல்லவர் பிள்ளை. விடையில் வல்லவர் பாட்டி. அப்போது இருவருக்கும் இடையே நிகழும் தமிழ் உரையாடலும் அவ்விளையாட்டின் பயன்களுள் ஒன்றாகிறது.

‘வெண்பா’ 2024இல் பிரித்தானியாவின் பாஃப்டா அமைப்பு வழங்கும் சிறந்த அறிமுக விளையாட்டு விருதையும், தனிநிலைப் படைப்பாளர்களுக்கான ஐ.ஜி.எஃப். விழாவின் முதன்மைப் பரிசையும் பெற்றது.

எண்ணும் காரணமும்

மதிப்பீட்டை எண்ணால் கூறும் வழக்கமும் உண்டு. 1986இல் தொடங்கிய ஃபாமிட்சு என்னும் ஜப்பானிய இதழில் நால்வர் தனித்தனியே பத்துக்கு மதிப்பெண் இடுவர், கூட்டுத்தொகை நாற்பது. ஒருவருடைய விருப்பு வெறுப்பு முடிவை மாற்றிவிடாமல் இருக்க இம்முறை உதவுகிறது. எனினும், எண் முடிவை மட்டுமே காட்டும். அதற்கான காரணத்தைக் காட்டாது.

பெட்டியின்மேல் உள்ள வயதுக் குறியீடும் தரத்தைக் கூறுவதன்று. ஐரோப்பாவின் பெகி முறையில் 3, 7, 12, 16, 18 என்னும் எண்கள், உள்ளடக்கம் எவ்வயதினர்க்கு ஏற்றது என்பதையே அறிவிக்கின்றன. விருதும் விலையும் விளம்பரமும் பிறர் கூறும் செய்திகள். அவற்றை அறிந்துகொள்ளலாம், ஆயினும், ஆடிப் பார்த்து, அழகையும் குற்றத்தையும் பெயரிட்டு, ஒவ்வொன்றுக்கும் விளையாட்டிலிருந்தே சான்று காட்டுவதே மதிப்புரை. தன் வீட்டுக் கதை திரையில் வந்தது என்பதற்காக ஒன்றைப் புகழ்வதும், அது சிறியது என்பதற்காக இகழ்வதும் மதிப்புரை ஆகா.

சொல்லும் பொருளும்

திறனாய்வாளர் – நிறை குறைகளை ஆராய்ந்து கூறுபவர்
பாயிரம் – நூலின் முகவுரை
குன்றுதல் – குறைதல்
மயங்குதல் – தெளிவின்றிக் குழம்புதல்
விழுமியது – மேன்மையானது
பயத்தல் – விளைவித்தல்
லயம் – தோட்டத் தொழிலாளர் வாழும் வரிசை வீடு

பயிற்சி

அ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. தேயிலையைச் சுவைத்து ஒப்பிடும் முன் என்ன செய்யப்படுகிறது?
2. வண்ணத் திரை இருந்தும் கேம் கியர் பின்தங்கியதற்குக் காரணம் யாது?
3. குறிப்பேட்டைப் படிப்பதில் வெண்பாவுக்கும் கவினுக்கும் இருந்த தடைகள் எவ்வாறு வேறுபட்டன?

ஆ. பொருத்துக.
1. கூறியது கூறல் – விதி புரியாமல் குழம்பச் செய்தல்
2. மயங்க வைத்தல் – தொடக்கம் சிறந்து முடிவு மங்குதல்
3. சென்று தேய்ந்து இறுதல் – ஒரே பணியைப் பயனின்றிப் பலமுறை தருதல்

இ. சிந்தித்து எழுதுக.
போனக்காட்டுத் தேயிலைத் தோட்டத்தைக் களமாகக் கொண்டு ஒரு விளையாட்டு உருவாகிறது எனக் கொள்க. அதில் ஆடுவோர் கையால் செய்ய வேண்டிய பணி எது? அப்பணி எந்த உணர்வைத் தர வேண்டும்? அவ்விளையாட்டு எக்குற்றங்களைத் தவிர்க்க வேண்டும்? ஒரு பக்க அளவில் எழுதுக.

ஈ. செய்து பார்க்க.
வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் ஓர் உணவின் செய்முறையைக் கேட்டுத் தமிழில் எழுதுக. அதில் இரண்டு சொற்களை மட்டும் மறைத்து, நண்பரிடம் கொடுத்து ஊகிக்கச் செய்க. புதிர் மிக எளிதா, மிக அரிதா என்று அவரிடம் காரணத்தோடு கேட்டறிக.