பட்டி போட்டால் துரு நிற்காது

அம்பாஸிடர், பியட், ஸ்டாண்டர்ட் ஹெரால்டு என்று ஏதேனும் ஒரு பழைய காரைத் தகப்பனார் காலத்துச் சொத்தாகக் கொட்டகையில் வைத்துப் பாதுகாத்து வந்தவர்கள், இப்போது விடுமுறை நாட்களில் மனைவி மக்களையும் கூட்டிக்கொண்டு அதன் பாடியைத் தாமே புதுப்பிக்கத் தொடங்கியிருப்பது மெத்தவும் சந்தோஷம் தரும் காரியம். ஆனால் அவர்களில் யாரைச் சந்தித்தாலும், “மேல் துருவைச் சுரண்டிவிட்டு நல்ல பட்டியாகப் போட்டு அடைத்துவிட்டால் காற்றும் தண்ணீரும் உள்ளே போக வழியில்லை, துரு அப்படியே நின்றுவிடும்” என்ற ஒரே வாக்கியத்தை மந்திரம்போல் உச்சரிக்கிறார்கள். இரும்பின் அரிமானத்தையே ஆயுள் முழுவதும் பாடமாகச் சொல்லிக்கொடுத்து வந்த எனக்கு இதைக் கேட்கும்போதெல்லாம் பொறுமை போய்விடுகிறது. இதில் பாதி உண்மைகூட இல்லை.

பட்டி என்பது பாலியெஸ்டர் பிசினில் மாக்கல் பொடியைக் குழைத்த களிம்பு. நூற்றுக்கு இரண்டு பங்கு அளவில் ஹார்டனரைச் சேர்த்ததும் சில நிமிஷங்களில் இறுகிவிடும். ஒடுக்கெடுத்துச் சமனாக்கிய பிறகும் தகட்டில் எஞ்சி நிற்கும் சொற்ப மேடுபள்ளத்தை மூடுவதற்கென்று உண்டானதேயன்றி, ஓட்டையை அடைக்க உண்டானதல்ல. மூன்று மில்லிமீட்டர் கனத்துக்கு மேல் அதைப் பூசுவது விவேகமுமல்ல. அது ஈரத்தைத் தடுக்கும் பொருளுமல்ல. பெயிண்ட் பூசாமல் விட்ட பட்டி மழைக்காலத்து ஈரத்தையெல்லாம் உறிஞ்சிக்கொள்ளும். விஷயம் தெரிந்த பெயிண்டர் பட்டியைத் தண்ணீர் விட்டுத் தேய்க்காமல் உலர்ந்த எமரித் தாளால் தேய்ப்பது இந்தக் காரணத்தால்தான்.

இதைக் காட்டிலும் முக்கியமானது, துரு வரும் திசை. கதவின் அடிப்பாகம், கதவுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் பெட்டிபோன்ற பகுதி, மட்கார்டின் பின்னோரம் ஆகிய இடங்களில் துரு பெரும்பாலும் உள்ளிருந்தே வெளியே வருகிறது. கண்ணாடியோர ரப்பரின் வழியே கதவுக்குள் இறங்கும் மழைநீர், அடியிலுள்ள வடிகால் துளைகள் சேறு படிந்து அடைபட்டிருப்பதால் வெளியேற வழியின்றி அங்கேயே தங்கி, பெயிண்ட் எட்டாத உட்புறத்தை மெல்ல மெல்லத் தின்று, வெளியே ஒரு சிறு கொப்புளம் நம் கண்ணில் படும் வேளையில், சுமார் ஒரு மில்லிமீட்டரே கனமுள்ள அந்தத் தகட்டைச் சல்லடையாக்கிவிட்டிருக்கும். பின்வாசல் திறந்து கிடக்கையில் முன்வாசலுக்குப் பூட்டுப் போடுவதால் என்ன பிரயோஜனம்?

போதாக்குறைக்கு, கடலோர ஊர்களில் உப்பும் சேர்ந்துகொள்கிறது. காரைக்குடியிலுள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனத்தார் மண்டபம் கடற்கரையில் உலோகத் தகடுகளை உப்புக் காற்றில் வைத்து ஆராய்வதற்கென்றே ஒரு நிலையம் நடத்தி வந்திருக்கிறார்கள். துருவின் குழிகளில் ஒளிந்திருக்கும் உப்பு, மேலே எதைப் பூசினாலும் ஈரத்தைத் தானே இழுத்து வைத்துக்கொண்டு அரிமானத்தைத் தொடரச் செய்யும்.

சந்தேகிப்பவர்கள், பட்டி போட்டு அடைத்த இடத்தில் மறுபடி எழும் கொப்புளத்தின்மேல் ஸ்க்ரூ டிரைவரின் முனையை வைத்துக் கட்டைவிரலால் அழுத்திப் பார்க்கட்டும். பட்டி ஒரே வில்லையாகப் பெயர்ந்து கையோடு வரும். அதன் முன்புறம் பளபளப்பான பெயிண்ட். பின்புறம் ஈரம் கசிந்த செங்காவி. அடியில், தொட்டால் உதிரும் ஏடேடான துரு. தான் பிறந்த இரும்பைப்போல் பல மடங்கு இடம் கேட்பது துருவின் சுபாவம். பட்டியைத் தள்ளியது அந்த வீக்கம்தான்.

துருவைப் பட்டியால் மூடுவதில் உயிராபத்தும் இருக்கிறது. 1959-இல் இங்கிலாந்தில் ட்ரையம்ப் ஹெரால்டாகப் பிறந்து, பிறகு நம் சென்னையிலேயே தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டுக்குத் தனிச் சேஸிஸ் உண்டு. பாடியைப் பகுதி பகுதியாகப் போல்ட் கழற்றி எடுக்கலாம். குடும்பமாக உட்கார்ந்து செய்வதற்கு அதைவிட உகந்த வண்டி இல்லை. மாரிஸ் ஆக்ஸ்போர்டின் வழிவந்த அம்பாஸிடருக்கும், பியட்டுக்கும் அவ்வாறு தனிச் சேஸிஸ் கிடையாது. தகடுகளை இணைத்த கூடே பாரம் முழுவதையும் தாங்குகிறது. அவற்றில் கதவடிப் பெட்டி உளுத்துப்போனதைப் பட்டியால் மூடி ஓட்டுவது குழந்தைகளை அபாயத்தில் உட்காரவைப்பதாகும். உளுத்த தகட்டை நல்ல இரும்பு தெரியும்வரை வெட்டியெடுத்துப் புதுத் தகட்டை வெல்டிங் செய்ய வேண்டும். வெட்டுமுன் வண்டிக்கு அடியில் முட்டுக் கொடுத்து, கதவு வாசலில் குறுக்குக் கம்பியும் பொருத்தாவிட்டால், கூடு தொய்ந்து பிற்பாடு கதவு சாத்த வராது. வெல்டிங் முடிந்த தகட்டின்மேல் எபாக்ஸி பிரைமர், தேவையானால் மெல்லிய பட்டி, உட்புழைகளில் மெழுகுப் பூச்சு: இதுவே கிரமம்.

பாஸ்பாரிக் அமிலம் கலந்த துரு மருந்து மேலோட்டமான துருவுக்கு நல்லது. ஏடேடாகப் பிரிந்த துருவுக்குள் அது இறங்காது. “அந்தக் காலத்து இரும்பு துருப்பிடிக்காது, டில்லி இரும்புத் தூணைப் பாருங்கள்” என்பார்கள். அந்தத் தூணைக் காப்பது அதிலுள்ள மிகுதியான பாஸ்பரஸ். காரின் தகடோ சாதாரண மென்னெஃகு. துருவைத் தடுக்கவென்று வண்டிக்கு அடியில் டீசலும் கழிவு ஆயிலும் அடிப்பதால் ரப்பர் புஷ்கள் ஊதிக் கெடுவதும், புழுதி அப்பிக்கொள்வதுமே கண்ட பலன்.

கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டு ஹார்டனர் கலந்த டூ-கே பெயிண்டை வீட்டு வாசலிலேயே அடிக்கலாம் என்று சொல்பவர்களை நான் மன்னிப்பதற்கில்லை. அதன் ஹார்டனரிலுள்ள ஐசோசயனேட், ஒருவருக்கு ஒருமுறை ஒவ்வாமையை உண்டாக்கிவிட்டால் ஆயுளுக்கும் ஆஸ்துமாவைக் கொடுக்கக்கூடியது. வெளிக்காற்றைக் குழாயில் வரவழைக்கும் முகமூடியின்றி அதைத் தொடலாகாது. பழைய பெயிண்டில் ஈயம் இருக்கக்கூடும்; அதைச் சுரண்டும் இடத்தில் குழந்தைகள் நிற்கவே கூடாது. போல்ட்டுகளை டப்பாவில் பிரித்துப் போட்டுப் பெயரெழுதுவது, வடிகால் துளைகளைக் கம்பியால் குத்திவிடுவது, காந்தத்தைத் தகட்டின்மேல் ஓட்டி அது ஒட்டாமல் பட்டியைக் காட்டிக்கொடுக்கும் இடங்களில் சாக்கட்டியால் வட்டம் போடுவது என்று அவர்களுக்கு வேறு வேலை ஏராளம்.

பட்டி மோகத்தால் நமக்கு நேர்ந்த பெரிய நஷ்டம் டிங்கரிங் மாஸ்டர்களை இழந்து வருவதாகும். தகட்டின் பின்னால் இரும்புக் கட்டையை அணைத்துப் பிடித்து, முன்னால் சுத்தியால் தட்டி, நீண்டுபோன இடத்தைக் கேஸ் ஜ்வாலையில் காசளவு சிவக்கவைத்து, ஈரத் துணியால் ஒற்றிச் சுருங்கச் செய்யும் அந்த வித்தையைக் கற்றவர்கள் முதியவர்களாகி வருகிறார்கள். அரசினர் தொழிற்பயிற்சி நிலையங்கள் இவர்களைச் சான்றிதழ் கேளாமல் ஆசிரியர்களாக அழைத்து உட்காரவைக்க வேண்டும். வீட்டில் கார் வைத்திருக்கும் நீங்களும், வெல்டிங்குக்கும் ஒடுக்கெடுப்பதற்கும் அப்படியொரு மாஸ்டரை வரவழைத்து, பேரம் பேசாமல் முழுக்கூலி கொடுத்து, வீட்டுப் பிள்ளைகளை அவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கச் சொல்லுங்கள். தகட்டைத் தடவிப் பார்த்து அவர் சரியென்று சொன்ன பிறகு பட்டி டப்பாவைத் திறவுங்கள்.